ஊற்றில் இறங்கிய கண்ணாடி

சக்கரத்தைச் சுற்றினால் தெப்பம் நகரும்.
வேறு எஞ்சின் கிடையாது.
கரைக்கும் கரைக்கும் ஓர் இரும்புக் கயிறு,
நடுவில் ஊற்று.
மிச்சிகனின் வட கோடியில்
சீடர் மரங்கள் நெருங்கி நின்று
யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பச்சை.

நான் ரோட்டில் பனி ஒதுக்கும் லாரிக்காரன்.
ஜூனில் எனக்கு வேலையில்லை.
மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததால்
சக்கரம் என் கைக்கு வந்தது.

தெப்பத்தின் வயிற்றில் ஒரு சதுரத் திறப்பு.
சுற்றிலும் பத்துப் பேர்,
கிணற்றில் குடத்தை விட்டவர்கள் போலக்
குனிந்திருந்தார்கள்.

கீழே
மணல் கொதித்துக்கொண்டிருந்தது.
சில்லிட்ட உலை.
ஓரிடத்தில் பொங்கும், அடங்கும்,
யோசித்துவிட்டு வேறிடத்தில் பொங்கும்.
என்றைக்கோ சாய்ந்த மரங்கள்
சுண்ணாம்பு பூசிக்கொண்டு படுத்திருந்தன.
ஒவ்வொரு ட்ரவுட் மீனுக்கும் அடியில்
அதன் நிழல் தனியாக மேய்ந்தது.
ஆழம் நாற்பதடி என்று பலகை சொல்கிறது.
கையை விட்டால் எடுத்துவிடலாம் என்று
கண் சொல்கிறது.

கயிற்றில் ஏதோ சிக்கியது.
பலமாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.
தெப்பம் விக்கியது.
சிவப்பு ஸ்வெட்டர் அணிந்த பெண்ணின்
மூக்கிலிருந்து கண்ணாடி நழுவியது.

விழுந்தது என்று சொல்ல முடியாது,
இறங்கியது.
இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து,
அவசரமே இல்லாமல்.
தெப்பத்தில் எல்லோரும் பார்த்தோம்,
அவள் ஒருத்தியைத் தவிர.

"எங்கே?" என்றாள்.
"மரத்துக்குப் பக்கத்தில்," என்றார் லெராய் கடாட்,
தூண்டிலைக் காரிலேயே விட்டுவரச் சொன்னதற்கு
அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்.
"மல்லாந்து கிடக்கிறது."
"பழுப்புச் சட்டமா?"
"ஆமாம். ஒரு காது வளைந்திருக்கிறது."
"கார்க் கதவில் சிக்கியது. அப்போ என்னுடையதுதான்."
வேறு யாருடையதாக இருக்கும் என்று
நாங்கள் கேட்கவில்லை.

கரையிலிருந்து காவலர் கத்தினார்:
காசு, கல், வலை, ஆள்,
எதுவும் இறங்கக் கூடாது.
கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை.
எடுப்பதும் இல்லை.

"இப்போ?" என்றாள்.
"ஒரு மீன் வந்து நிற்கிறது," என்றான் ஆர்வோ,
ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
"எதைப் பார்க்கிறது?"
"உங்களைத்தான்."
அவள் குனிந்து
வெறும் பச்சையைப் பார்த்துக் கையசைத்தாள்.

பிறகு மணல் ஒருமுறை புரண்டு
வளைந்த காதை மூடியது.
இன்னொரு முறை, பாதி வட்டத்தை.
"இப்போ?" என்றாள்.
"அப்படியேதான் இருக்கிறது," என்றார் லெராய் கடாட்.
பையன் வாய் திறந்தான்.
அவன் அம்மா அவன் தோளைத் தொட்டாள்.

தவறு என்னுடையது.
அவள் காரை நான் ஓட்டினேன்.
என் கார் பார்க்கிங்கில் நின்றது.
பெயர் ஹெல்வி என்றாள்,
தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை,
நாளைக்கு எல்லாக் கடிதத்தையும்
மூக்கோடு ஒட்டிப் படிக்க வேண்டும்.
சிரித்தாள்.
பலகைகளைப் படித்துச் சொல்லட்டுமா என்றேன்.
வேண்டாம், இந்த ரோடு எனக்குத் தெரியும் என்றாள்.

பைன் காடு, மூடிய பெட்ரோல் பங்க்,
மீண்டும் பைன் காடு.

"ஜனவரியில் இந்த ரோட்டில்
பனி ஒதுக்க ஒருவன் வருகிறான்," என்றாள்.
"முகத்தைப் பார்த்ததில்லை.
மூன்று வருடம், மூன்று முறை
என் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போனான்.
தபால் ஆபீஸ்காரியின் பெட்டியை!"

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.
அந்த விளக்கு வெளிச்சம், அந்தப் பனிப்புகை,
பிளேடில் கேட்ட அந்தச் சின்னச் சத்தம்,
நிறுத்தாமல் போன நான்.

"வலப்பக்கம், கோணலாக ஒரு பெட்டி வரும்,
அங்கே நிறு..."
என்று அவள் சொல்லி முடிப்பதற்குள்
நிறுத்தியிருந்தேன்.

அவள் இறங்கவில்லை.
என் பக்கம் திரும்பி,
கண்ணைச் சுருக்கி,
வெகு நேரம் பார்த்தாள்.